இடமாகச் சுற்றிய மலை

கோசலை என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மலையிலே சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை போடுகிறாள் என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். "யாழ்ப்பாணத்தாளுக்கு மலையைப் பற்றி என்னண்ணை தெரியும்? மலை எண்டு எங்களுக்கு இருக்கிறது ஒரு கீரிமலை. அதுவும் கடற்கரை." இப்படிச் சொன்னவர்களில் என் கடையில் ஓசித் தேநீர் குடித்தவர்களும் உண்டு. நானும் ஒருகாலம் இதே பகிடியை விட்டுத் திரிந்தவன்தான். அதனால்தான் இப்போது கோபம் இரட்டிப்பாக வருகிறது.

என் பெயர் வாமதேவன். பாரிசின் லா சப்பெலில், ரூ பெர்தொனே என்ற வீதியில், எட்டு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கோசலையின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா என் கூட்டாளி. சிறி என்றுதான் கூப்பிடுவோம். ஒரே ஆண்டில் பிரான்சுக்கு வந்து, ஒரே உணவகத்தில் கோப்பை கழுவி, ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்தவர்கள் நாங்கள். அவர்களுக்கு ஒரே மகள், லக்ஷனா. இங்கே பிறந்தவள், தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கோசலை ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவள். இங்கே வந்து ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த உடுப்புக் களஞ்சியத்தில் சட்டைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு ஆண்டுகள்.

அதை மாற்றியது பிள்ளையார் தேர்.

இரண்டாயிரத்து ஒன்பது எங்களுக்கு எப்படிப் போனது என்று தமிழருக்கு நான் எழுதத் தேவையில்லை. அந்த ஆண்டும் எங்கள் லா சப்பெல் பிள்ளையார் கோயில் தேர் வீதிக்கு வந்தது. தேர் ஒழுங்குக் குழுவில் நான் இருந்தேன். வீதியை மறிக்க அனுமதி கேட்கும்போது பாதையின் வரைபடம் ஒன்றும் கொடுக்கவேண்டும். மற்ற ஆண்டுகளில் இணையத்திலிருந்து ஒரு படத்தை அச்சடித்து, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துக் கொடுத்துவிடுவேன். அந்த ஆண்டு எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. வேலையைக் கோசலையின் தலையில் கட்டிவிட்டேன்.

அவள் செய்த கூத்தைக் கேளுங்கள். இரண்டு திரைச்சீலைக் கம்பிகளை ஒன்றோடொன்று கட்டி, தேரின் உயரம் வருகிற இடத்தில் சிவப்புத் துணி முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வீதி வீதியாக நடந்தாள். பார்த்தவர்களெல்லாம் இவளுக்கு என்ன பிடித்தது என்று என்னைக் கேட்டார்கள். எந்த விளக்குக் கம்பம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்தக் கடைப் பலகை தேர் முடியில் தட்டும், எந்த முக்கில் வடம் பிடிக்கிறவர்கள் நடைபாதையில் ஏறவேண்டும் எல்லாம் படத்தில் இருந்தது. வீதியின் சரிவைக்கூட எழுதியிருந்தாள்: இந்த இடத்தில் நூற்றுக்கு இரண்டு இறக்கம், முட்டுக்கட்டை ஆயத்தமாக நிற்கவேண்டும். தேரைச் சில்லுக்கு முன்னால் கட்டை போட்டுத்தானே நிறுத்துகிறது. கட்டைக்காரன் அசந்தால் பிள்ளையார் மெத்ரோ வாசலுக்குள் இறங்கிவிடுவார்.

அந்தப் படம் நன்றாக இருக்கிறதென்று அனுமதி அலுவலகத்தில் யாரோ சுவரில் ஒட்டி வைத்துவிட்டார்கள். சில கிழமைகள் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண், அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்குள் வந்தார். கத்தரித்த தலைமயிர், வெயிலில் காய்ந்த முகம், ஐம்பது வயது இருக்கும். "இதை வரைந்தவர் யார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கையில் கடதாசியோடு வருகிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் முதல் பதில் அதுதான். அவர் போகவில்லை. உட்கார்ந்து இரண்டு மீன் ரோல் சாப்பிட்டார். பிறகு, இறக்கத்தில் அந்த மரக்கட்டையை எந்த நேரத்தில் போடுவீர்கள் என்று விசாரித்தார். கேள்வி சரியான இடத்தில் பட்டதால் நானும் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்போது கோசலைக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன்.

அவர்தான் சுசான். மூன்று கிழமை ஓடும் ஒரு பெரிய சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை வரைகிறவர். பந்தயத்தின் பெயரை எழுதமாட்டேன். அவர்களுக்கு என் விளம்பரம் தேவையில்லை. அவர் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் நான் தமிழில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் என்னுடையது.

அப்படித்தான் கோசலை விலைச்சீட்டை விட்டுவிட்டுச் சாலைகளை அளக்கப் போனாள். ஒரு நாள் ஓட்டத்தை எத்தாப் என்பார்கள். சமதரை எத்தாப்பில் நூற்றெழுபது பேரும் கூட்டமாக வந்து சேர்ந்துவிடுவார்கள். மலை எத்தாப்பில்தான் ஆள் யாரென்று தெரியும். மலையைக் கடவுள் வைத்துவிட்டார். எந்தப் பக்கத்தால் ஏற்றுவது, எந்தப் பக்கத்தால் இறக்குவது, ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடுவது என்பதுதான் வரைகிறவரின் கெட்டித்தனம். கூடவே சில்லறை வேலைகள் ஆயிரம். எந்த வளைவில் சரளைக்கல் கிடக்கிறது, எந்தக் கிராமத்தில் வேகத்தடை இருக்கிறது, எந்த மதிலில் ஒருவன் மோதினால் செத்துப்போவான். கோசலை அளப்பாள், குறிப்பாள், ஏற்ற இறக்கப் படத்தை வரைவாள். கோடு போடுகிறவர் சுசான். பந்தயத்தின் பாதைப் புத்தகத்தில் சுசானின் பெயர் வரும். கோசலைக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு தற்காலிக ஒப்பந்தம் வரும், முடியும், மறுபடி வரும்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் சிறி போய்விட்டான். நெஞ்சு வலி என்று சொல்லி வேலைக்குப் போனவன் வேலையிடத்திலேயே விழுந்தான். அதற்குப் பிறகு கோசலை முன்னைவிட அதிகம் வேலை செய்தாள், முன்னைவிடக் குறைவாகக் கதைத்தாள்.

பதினெட்டாம் ஆண்டு புரட்டாதியில் சுசான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் இன்னும் ஒரு ஆண்டில் ஓய்வு எடுக்கிறேன். அடுத்த பந்தயத்தில் ஒரு மலை எத்தாப்பை நீ வரை. முழுக்க உன்னுடையது. அது சரியாக ஓடினால் என் இடத்துக்கு உன் பெயரைச் சொல்லுவேன். ஓடாவிட்டால் லியோனிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். அவர் தன் ஆட்களோடு வருவார்."

சுசானின் இடம் என்றால் சேதேஈ. நிரந்தர ஒப்பந்தத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். வீடு வாடகைக்குக் கேட்டாலும் அதைத்தான் கேட்பான், கலியாணம் பேசினாலும் அதைத்தான் கேட்பான். கோசலைக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. இது தவறினால் மறுபடி ஒபர்வில்லியே, மறுபடி விலைச்சீட்டு. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையுமில்லை.

அவளுக்குக் கொடுத்த மலை தெற்குப் பிரான்சில், அர்தேஷ் பக்கத்தில் இருந்தது. உச்சியில் ஒரு இரும்புச் சிலுவை. மலையின் கிழக்கே ஒரு சின்ன ஊர், அங்கேதான் ஓட்டம் முடியும். வடக்கே ஒரு கணவாய், தெற்கே ஒரு கணவாய். மேற்கே பதினான்கு கிலோமீட்டர் திறந்த மேட்டுவெளி, மரம் மட்டை எதுவும் இல்லை. ஊரிலிருந்து புறப்பட்டு மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி ஊருக்கே வருவதுதான் எத்தாப்பின் கடைசிப் பகுதி. கோசலை ஒரு மாதம் வரைந்தாள்.

ஒரு புதன்கிழமை, மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு பேரும் என் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். இந்த மலையோடு, பத்து ஆண்டில் கோசலை தன் பாட்டுக்கு வரைந்து வைத்திருந்த ஆறு மலைகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சுசான். என் சட்னிக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு ஏழு படங்களையும் இரண்டு மேசையில் விரித்தார். பிறகு பேனாவை எடுத்து, ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொரு படத்திலும் ஒரு அம்புக்குறி போட்டார்.

"கோசலை, ஏழு சுற்றிலும் மலை வலது கைப் பக்கமே இருக்கிறது. ஏன்?"

கோசலை குனிந்து பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை, அது அவள் முகத்தில் தெரிந்தது. நான் தேநீரோடு போனவன் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி போல, சிரித்துக்கொண்டு சுசானுக்கு விளக்கம் கொடுத்தேன். கோயிலை வலமாகத்தானே சுற்றுவது, தேரும் வலமாகத்தானே வரும், வேறு எப்படிச் சுற்றுவது என்றேன். கால் நடக்கப் பழகின நாளிலிருந்து சுற்றுகிற சுற்று. இவள் மலையையும் கோயில் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று பகிடி வேறு.

சுசான் சிரிக்கவில்லை. மேற்கு வெளியில் விரலை வைத்தார். "இங்கே காற்று வடக்கேயிருந்து வரும். உன் பாதையில் அவர்கள் வடக்கு நோக்கிப் போகிறார்கள். பதினான்கு கிலோமீட்டரும் காற்று முகத்தில் அடிக்கும். அப்படி அடித்தால் ஒருவன் முன்னுக்குப் போவானா? ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்துகொண்டு கூட்டமாகவே வருவார்கள். ஐந்து மணிநேரம் மலை ஏறிவிட்டுக் கடைசிக் கணவாயில் மட்டும் ஓட்டம். இதைப் பந்தயக் குழுவுக்குக் கொண்டுபோனால் கிழித்துப் போடுவார்கள். சுற்றைத் திருப்பு. திங்கட்கிழமை எனக்கு வேண்டும்."

பார்க்கிறேன் என்றாள் கோசலை பிரெஞ்சில். சுசான் போன பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள்: "மாட்டன்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உமக்கென்ன விசரே? பத்து வருசம் அந்த மனுசிக்குப் பின்னாலை கம்பு தூக்கினனீர். ஒரு கோட்டைத் திருப்பிப் போட ஏலாதோ? சைக்கிள்காரன் வலமாப் போனால் என்ன, இடமாப் போனால் என்ன? அவனுக்குக் கோயில் தெரியுமே, குளம் தெரியுமே?"

அவள் படங்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். "கடைசியா நாங்கள் இடமாச் சுத்தினது எண்டைக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, வாமண்ணை."

நான் மேசையிலிருந்த கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

இடமாகச் சுற்றுவது செத்தவீட்டில் மட்டும்தான். சிறியின் பெட்டியைச் சுற்றிக் கொள்ளிக்குடத்தோடு வர ஆண்பிள்ளை இல்லை. லக்ஷனா தான் வருவேன் என்றாள். பதினேழு வயது. பெண்பிள்ளை குடம் தூக்குவதா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். யாராவது மருமகன் முறையில் ஒருவனைப் பிடிப்போம் என்று அவள் காதுபடச் சொன்னேன். அவள் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்து மூன்று முறை இடமாகச் சுற்றி வந்தாள். கோசலை பின்னால் நடந்தாள். அன்று நான் கதைத்த கதைக்கு இன்றுவரை எனக்கு வெட்கம்.

வெள்ளிக்கிழமை கோசலை கடைக்கு வந்து, "உங்கட வான் வேணும். நாளைக்கு அங்கை போய்ப் பாக்கப்போறன்" என்றாள். அவளுக்கு ஓட்டுநர் பத்திரம் இல்லை. அறுநூறு கிலோமீட்டர். சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு யார் போவான்? நான்தான் போனேன், பின்னே வேறு யார். ஊர் வாய்க்கு வேலை கொடுக்கக்கூடாதென்று லக்ஷனாவும் வந்தாள். பின்னால் மரக்கறிப் பெட்டி வைக்கும் இடத்தில் அவளுடைய சைக்கிளையும் ஏற்றினோம். விடியமுன் இருட்டோடு புறப்பட்டு, வழியெல்லாம் கறிவேப்பிலை மணத்தோடு, மத்தியானம் மேற்கு வெளியில் போய் இறங்கினோம். லக்ஷனா காதில் பாட்டை மாட்டியவள் அதுவரை கழற்றவில்லை.

கதவைத் திறந்ததும் என் தொப்பி போய்விட்டது. போனதென்றால், இன்றைக்கும் அந்த வெளியில் எங்கேயோ கிடக்கும். "அம்மாடி, எங்கட ஊர்ச் சோளகக் காத்தே தோத்துப்போகும்" என்றேன்.

கோசலை சைக்கிளை இறக்கி, தன் பாதையின்படி, மலை வலது கைப் பக்கம் இருக்க, வடக்கு நோக்கி மிதித்தாள். நாங்கள் வானில் பின்னால் ஊர்ந்தோம். முதல் கிலோமீட்டர் போனாள். இரண்டாவதில் குனிந்தாள். மூன்றாவதில் நடந்து போகிற ஆள் அவளை முந்தியிருப்பான். நான்காவது முடிவதற்குள் நிறுத்தி, சைக்கிளோடு அப்படியே நின்றாள். நான் இறங்கி ஓடினேன், நெஞ்சுவலி என்றால் எனக்குப் பயம். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சோளகத்துக்கை பண்ணைப் பாலத்தாலை சைக்கிளிலை வேலணைக்குப் போறனாங்கள்" என்றாள். "அவர்தான் முன்னுக்கு. நான் அவற்ரை முதுகுக்குப் பின்னாலை. கலியாணத்துக்கு முதலும் அப்பிடித்தான், பிறகும் அப்பிடித்தான். ஒருநாளும் எனக்குக் காத்துப் பட்டதில்லை. இந்த வெளியிலை அது எனக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு, வாமண்ணை? முகத்துக் காத்திலை சனம் ஆரின்ரையோ முதுகுக்குப் பின்னாலைதான் ஒளிக்கும். நானே ஒளிச்சனான். அது தெரிஞ்சுகொண்டு இந்தக் கோட்டைக் கீறினனே."

நான் சிறியைத் திட்டினேன். இவளை இப்படி விட்டுவிட்டுப் போனதற்கு மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

லக்ஷனா வானிலிருந்து இறங்கி வந்தாள். காதில் மாட்டியதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "திருப்பி ஓட்டிப் பார், அம்மா" என்றாள் பிரெஞ்சில்.

கோசலை மலையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்தாள். மலையும் சிலுவையும் இடது கைப் பக்கம் வந்தன. ஏறி உட்கார்ந்தாள், இரண்டு மிதி மிதித்திருப்பாள், அவ்வளவுதான். காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் வானைத் திருப்பி எடுப்பதற்குள் தூரத்தில் ஒரு புள்ளியாகிவிட்டாள். கிட்டப் போனபோது அவள் மிதிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காற்றுத்தான் காரணம் என்று லக்ஷனாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பிற்பகல் அந்த ஊர்க் காப்பிக்கடையில், மேசையில் விரித்திருந்த கடதாசியிலேயே சுற்றைத் திருப்பி வரைந்தாள். முதலில் வடக்குக் கணவாய், பிறகு முதுகில் காற்றோடு மேற்கு வெளி, கடைசியில் தெற்குக் கணவாய் ஏறி ஊருக்குள் இறக்கம். இறக்கத்தில் ஒரு கல்மதில் வளைவு புதிதாகப் பிரச்சினை கொடுத்தது. அதற்கு வைக்கோல் கட்டும், முந்நூறு மீட்டர் முன்னால் மஞ்சள் கொடியோடு ஒரு ஆளும் எழுதினாள். "கட்டைக்காரன்" என்றேன். "ஓம், கட்டைக்காரன்தான்" என்றாள்.

திங்கட்கிழமை சுசான் படத்தைப் பார்த்துவிட்டு நேரே குழுவுக்குக் கொண்டுபோனார். குழு எத்தாப்பை ஏற்றுக்கொண்டது. வேலையைப் பற்றிக் கேட்டபோது தலைமையில் இருந்தவர், ஓட்டம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றாராம். காற்றை நம்பி ஒரு எத்தாப்பா என்று லியோன்காரர் சிரித்ததாகவும் கேள்வி. நாங்கள் எட்டு மாதம் காத்திருந்தோம்.

பத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம். பந்தயத்தின் பதினாறாம் நாள். கடையைப் பூட்டிவிட்டு மறுபடி அதே மூன்று பேர், அதே வான், அதே வெளி. எங்கே வேண்டுமானாலும் நின்று பார் என்று சுசான் அவள் கையில் ஒரு வானொலிக் கருவியைக் கொடுத்திருந்தார். கோசலை மேற்கு வெளியின் நடுவில் நின்றாள்.

காற்று இல்லை. ஒரு சொட்டுக் காற்று இல்லை. சாலையோரத்தில் நட்டிருந்த கொடிகள் நனைத்துப் போட்ட சாரத் துணி மாதிரித் தொங்கின. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லிவைத்தார்களே, காற்றே இல்லாவிட்டால் என்ன செய்வதென்று யாராவது சொன்னார்களா? பதினொரு மணி, பன்னிரண்டு மணி. கோசலை ஒரு புல்லைப் பிடுங்கி மேலே எறிவதும் அது காலடியில் விழுவதைப் பார்ப்பதுமாக நின்றாள்.

"பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்திருக்கிறன்" என்றேன்.

"ஒண்டே?" என்றாள்.

"காத்து வரட்டும், மிச்சத்தைப் பிறகு யோசிப்பம்."

இரண்டு மணியும் ஆயிற்று. ஓட்டக்காரர் கிழக்கே ஊரைக் கடந்துவிட்டார்கள் என்று வானொலி சொன்னது. வடக்குக் கணவாய் ஏறத் தொடங்கியாயிற்று. கோசலை புல் எறிவதை நிறுத்திவிட்டாள். சரி, முடிந்தது என்று நானும் நினைத்தேன். அப்போது லக்ஷனா தன் கையை நீட்டிக் காட்டினாள். கையிலிருந்த மயிர் சிலிர்த்து நின்றது. முதலில் வெளியின் வடக்கு ஓரத்தில் புல் படுத்தது. பிறகு எங்களைத் தாண்டிப் போயிற்று. கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, படபடவென்று அடிக்கத் தொடங்கின. தெற்கு நோக்கி.

ஹெலிகொப்டர் வந்தது, மோட்டார்சைக்கிள்கள் வந்தன. பின்னால் ஒரு முப்பது பேர், கணவாயிலிருந்து இறங்கி வெளிக்குள் நுழைந்தார்கள். எங்களுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், பச்சைச் சட்டை போட்ட ஒரு சின்ன மனிதன் ஓரத்தால் எழும்பி முன்னுக்குப் பாய்ந்தான். எழும்பியவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் அவனோடு ஒட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முகத்தில் காற்று அடித்திருந்தால் இந்த மூன்று பேரையும் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். காற்று முதுகில். எங்களைக் கடக்கும்போது அந்த மூன்று பேரும் கார் வேகத்தில் போனார்கள். கூட்டம் வந்து சேருவதற்குள் நான் இருபத்தைந்து எண்ணினேன்.

வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. நாற்பது விநாடி. ஒரு நிமிடம். ஒரு நிமிடம் இருபது. தெற்குக் கணவாய் அடிவாரத்தில், மொத்தப் பந்தயத்திலும் முதலிடத்தில் இருந்தவன் தன் ஆட்கள் யாரும் மிஞ்சாமல் தனியே துரத்த வேண்டியதாயிற்று. மூன்று கிழமைப் பந்தயமே அந்தக் கணவாயில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கல்மதில் வளைவில் மஞ்சள் கொடிக்காரன் நின்றான், யாரும் விழவில்லை. பச்சைச் சட்டைக்காரன் ஊருக்குள் முதலாவதாக வந்தான். துரத்தியவன் மொத்தப் பந்தயத்தில் தன் முதலிடத்தை நான்கு விநாடியால் காப்பாற்றிக்கொண்டான்.

வானொலியில் சுசானின் குரல் வந்தது. "கோசலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வா. சேதேஈ. தலைவரே சொல்லச் சொன்னார். அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் பாதை வரைந்தவர் என்று உன் பெயர்தான் வரும்."

"ஓம்" என்றாள் கோசலை தமிழில். பிறகு நினைவு வந்து பிரெஞ்சிலும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் லக்ஷனாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு ஆண்டாகத் தொண்டையில் நின்றதை அன்று சொல்லாவிட்டால் எப்போது சொல்லுவது? "பிள்ளை, அண்டைக்கு அப்பாவின்ரை பெட்டியடியிலை நான் கதைச்சது பிழை. நீ சுத்தினதுதான் சரி."

"தெரியும், மாமா" என்றாள். தமிழில் சொன்னாள்.

மாலையில் பாதையைத் திறந்தார்கள். பாரிசுக்கு நேரே வடக்கே போகவேண்டும். "ஒருக்கால் சுத்திப்போட்டுப் போவம்" என்றாள் கோசலை. எந்தப் பக்கத்தால் என்று கேட்டேன். "அவங்கள் போன பக்கத்தாலை." லக்ஷனா வானை ஓட்டினாள், கோசலை முன்னால் அவளுக்குப் பக்கத்தில், நான் பின்னால் வெறும் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில். காற்று இன்னும் விடவில்லை. வானின் பின்கதவு அடித்துக்கொண்டே வந்தது. மலை இடது கைப் பக்கம் மெதுவாகத் திரும்பிற்று.

என் வாய்தான் சும்மா இராதே. "சிறி இருந்திருந்தால் இண்டைக்கும் உமக்கு முன்னாலை நிண்டிருப்பான்" என்றேன்.

"ஓம்" என்றாள் கோசலை, திரும்பிப் பாராமல். "இப்ப பின்னாலை நிக்கிறார். உது ஆர் தள்ளுறது எண்டு நினைக்கிறியள், வாமண்ணை?"

அடுத்த நாள் கோயிலுக்குப் போனேன். நேர்ந்தது ஒரு தேங்காய். இரண்டு உடைத்தேன்.